டாம் டௌடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950களிலிருந்து 70கள் வரை வந்த அமெரிக்க இசைத்தட்டுகளின் பின்னட்டையைப் படிக்கும் பழக்கம் இருந்தால், பொடி எழுத்தில் ஒரு பெயர் அடிக்கடி கண்ணில் படும். ரே சார்ல்ஸ், ஜான் கோல்ட்ரேன், ஓட்டிஸ் ரெட்டிங், அரீத்தா ஃபிராங்க்ளின், எரிக் கிளாப்டன் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத கலைஞர்கள். ஆனால் ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு செய்தபடி உட்கார்ந்திருந்தவர் ஒருவரே. அவரைப் பற்றி நண்பர்களும் வாசகர்களும் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

யார் இந்த டாம் டௌடு?

ரெக்கார்டிங் இன்ஜினியர். பிற்பாடு இசைத் தயாரிப்பாளரும் ஆனார். 1925 அக்டோபர் 20 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பிறந்து, 2002 அக்டோபர் 27 அன்று ஃபுளோரிடாவில் காலமானார். உழைப்பின் பெரும்பகுதி அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்குப் போனது.

பெயரை எப்படிச் சொல்வது?

டௌடு. சந்தேகம் என்ற பொருளில் நாம் சொல்லும் ‘டவுட்டு’ மாதிரி அழுத்திச் சொல்லாமல், கடைசி எழுத்தை மெல்ல விட்டால் போதும். அவரைப் பற்றித் தமிழில் பேச ஆரம்பித்தாலே இந்தக் குழப்பம் வந்துவிடுகிறது, என்ன செய்வது.

ரெக்கார்டிங் இன்ஜினியரும் தயாரிப்பாளரும் ஒன்றா, வேறா?

வேறு. தயாரிப்பாளர் என்றதும் நமக்கு சினிமாவுக்குப் பணம் போடுகிறவர்தான் ஞாபகத்துக்கு வருவார். இசைப் பதிவில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. எந்தப் பாட்டு, என்ன வேகம், யார் வாசிப்பது, எந்த டேக் (ஒரு முறை வாசித்துப் பதிவானது) நன்றாக வந்தது, எங்கே நிறுத்தலாம் என்றெல்லாம் முடிவு செய்கிறவர் அவர். ஏறக்குறைய படத்தின் இயக்குநர் மாதிரி. இன்ஜினியர் ஒளிப்பதிவாளர் மாதிரி: மைக்கை எங்கே வைப்பது, எந்தச் சத்தம் எவ்வளவு, டேப்பில் எப்படி ஏற்றுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

காகிதத்தில் இப்படிப் பிரித்துவிடலாம். ஸ்டுடியோவுக்குள் கோடு அவ்வளவு நேராக இருக்காது. டௌடு இன்ஜினியராக மட்டும் பெயர் போட்டுக்கொண்ட பல பதிவுகளில் தயாரிப்பாளரின் வேலையில் பாதியை அவர்தான் செய்திருக்கிறார் என்பது என் எண்ணம். கீழே வரும் கதைகளைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அணுகுண்டு திட்டத்தில் வேலை பார்த்தவர் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இணையத்தில் உலவும் மிகை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். 1942இல், 16 வயதில், ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளியை முடித்தார். மேலே படித்துக்கொண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 18 வயதில் ராணுவத்துக்கு அழைப்பு வந்தது. ஆனால் போர்முனைக்கு அனுப்பாமல், சார்ஜென்ட் பதவி கொடுத்து அதே ஆய்வகத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அங்கே நடந்தது மன்ஹாட்டன் திட்டத்தின் ஒரு பகுதி. நியூட்ரான் கற்றைகளைக் கொண்டு செய்த ஆய்வில் அவர் இருந்தார். அவர் குண்டைச் செய்தார் என்று சொன்னால் அது மிகை. அந்தப் பெரிய இயந்திரத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம், அவ்வளவுதான்.

அப்படியானால் இயற்பியலை ஏன் விட்டார்?

இந்தக் கேள்விக்கான பதில் எனக்கு மிகவும் பிடித்தது. போர் முடிந்ததும் அணு இயற்பியலில் பட்டம் வாங்கத்தான் நினைத்தார். ஆனால் ஆய்வகத்தில் அவர் கற்றதெல்லாம் ராணுவ ரகசியம். வெளியே சொல்ல முடியாது, பல்கலைக்கழகமும் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. வகுப்பறையிலோ பழைய பாடம். தனக்குத் தெரிந்ததைத் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, காலாவதியான பாடத்தை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கேட்க வேண்டும். யாரால் முடியும்? சாஸ்திரிய இசையைப் பதிவு செய்யும் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்துதான் பாதை மாறியது.

அவருக்கு இசை தெரியுமா, இல்லை கருவிகளை மட்டும் கையாளத் தெரிந்தவரா?

நன்றாகவே தெரியும். அம்மா ஆப்பரா பாடகி, அப்பா இசைக்குழுவில் முதல் வயலின். டௌடு பியானோ, வயலின், டியூபா, ஸ்டிரிங் பேஸ் எல்லாம் வாசித்தவர். கொலம்பியாவில் ஓர் இசைக்குழுவை நடத்தியும் இருக்கிறார். அதனால்தான் ஒரு வாசிப்பாளர் தப்பு செய்தால் ‘இன்னொரு டேக்’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க மாட்டார். எந்த இடத்தில், ஏன் பிசகியது என்று அவர்கள் மொழியிலேயே சொல்ல முடிந்தது. கருவி தெரிந்தவர்கள் அன்றைக்கு ஏராளம், இசை தெரிந்தவர்களும் ஏராளம். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தது அபூர்வம்.

மேசை நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுத்தான் பாட்டுப் பதிவு செய்தார்களாமே?

ஆமாம். அட்லாண்டிக் 1947இல் அகமது எர்டெகுனும் ஹெர்ப் ஏப்ரம்சனும் தொடங்கிய சின்ன கம்பெனி. 50களின் முற்பகுதியில் அதன் அலுவலகம் மன்ஹாட்டன் மேற்கு 56ஆம் தெருவில் ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. பகலில் அலுவலகம். மாலையானால் மேசைகளை ஓரங்கட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள், அதே அறை ஸ்டுடியோ. மறுநாள் காலை வேலைக்கு வருகிறவர்களுக்கு மேசை பழைய இடத்தில் இருக்க வேண்டும். இந்த அறையிலிருந்துதான் பாடகி ரூத் பிரவுனும் டிரிஃப்டர்ஸ் பாட்டுக்குழுவும் வெளியே வந்தார்கள்.

டௌடுக்குக் கிடைத்த முதல் ஹிட் அட்லாண்டிக்குக்குச் செய்தது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1950இல் அய்லீன் பார்ட்டன் பாடிய ஒரு வேடிக்கைப் பாட்டு, விருந்தாளி வருவது தெரிந்திருந்தால் கேக் செய்து வைத்திருப்பேனே என்று வரும். பிற்பாடு கோல்ட்ரேனைப் பதிவு செய்யப்போகிறவரின் கணக்கு கேக்கில் தொடங்கியது.

அந்தக் காலப் பாட்டுகளில் பேஸ் சத்தமே கேட்காது. அவர் பதிவுகளில் மட்டும் எப்படி?

இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி ஓடுகிறது. தாழ்ந்த சுரங்கள் பள்ளத்தை அகலமாக வளைக்கும். அளவு மீறினால் பக்கத்துப் பள்ளத்தில் இடிக்கும், ஊசி துள்ளிக் குதிக்கும், வாங்கினவர் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். இதற்குப் பயந்தே பலர் அடிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பதிவு செய்தார்கள். அட்லாண்டிக் விற்றதோ ரிதம் அண்டு புளூஸ். ஆடுகிறவர்களுக்கான இசை. பேஸும் டிரம்ஸும் இல்லாமல் அதில் என்ன இருக்கிறது? எல்லாருக்கும் சேர்த்து நடுவில் ஒரே மைக் வைக்கும் வழக்கத்தை விட்டு, தாளக்காரர்களுக்குத் தனி மைக் கொடுத்து, எல்லை எதுவரை என்று பார்த்துப் பார்த்து டௌடு அளவை ஏற்றினார். எந்த அளவுக்கு மேல் ஊசி துள்ளும் என்பது அடிப்படையில் ஒரு இயற்பியல் கேள்வி. அதற்குச் சரியான ஆள் அங்கே இருந்தார்.

ஸ்டீரியோவிலும் அப்படித்தான். மோனோதான் (ஒரே சேனல் ஒலி) விற்கும் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தபோதே, பக்கத்தில் இன்னொரு கருவியை வைத்து இரண்டு சேனலிலும் பதிவு செய்துவந்தார். 50களின் கடைசியில் ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தபோது அட்லாண்டிக்கின் அலமாரியில் சரக்கு தயாராக இருந்தது.

8 டிராக் கருவி என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதில் என்ன அவ்வளவு பெரிய விஷயம்?

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மோனோவில் பதிவு செய்தால் பாடகர், பியானோ, டிரம்ஸ் எல்லாம் ஒரே கோட்டில் கலந்து ஏறிவிடும். சாம்பாரில் போட்ட உப்பு மாதிரி. டிரம்ஸ் அதிகமாகிவிட்டது என்று மறுநாள் தோன்றினால் ஒன்றும் செய்ய முடியாது, எல்லாரையும் கூப்பிட்டு மறுபடி வாசிக்கச் சொல்ல வேண்டும்.

ஆம்பெக்ஸ் கம்பெனியின் 8 டிராக் கருவியில் ஒரு அங்குல அகல டேப் ஓடும். அதன் குறுக்கே 8 தனித்தனிப் பட்டைகள். பாட்டு ஒன்றில், டிரம்ஸ் ஒன்றில், பேஸ் ஒன்றில் என்று பிரித்து ஏற்றலாம். ஏற்கனவே பதிவானதைக் கேட்டுக்கொண்டே, அதே தாளத்தில், காலியாக இருக்கும் பட்டையில் புதிதாக வாசிக்கவும் வசதி உண்டு. எது தூக்கலாக இருக்க வேண்டும் என்பதை எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு சாவகாசமாக முடிவு செய்யலாம். மிக்சிங் என்பது தனி வேலையாக ஆனதே இப்படித்தான்.

இந்தக் கருவியை முதலில் சொல்லிச் செய்யவைத்தவர் கிட்டார் மேதை லெஸ் பால். 50களின் முடிவிலேயே அதை வாங்கும்படி டௌடு அட்லாண்டிக்கை இணங்க வைத்தார். எவ்வளவு முன்கூட்டி என்பதற்கு ஒரே ஒரு ஒப்பீடு: 1967இல் பீட்டில்ஸ் தங்கள் புகழ்பெற்ற சார்ஜென்ட் பெப்பர் தொகுப்பை லண்டனில் பதிவு செய்தது 4 டிராக் கருவியில்.

சரி, ஃபேடரைக் கண்டுபிடித்தவர் இவர்தானா?

கண்டுபிடித்தார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ரெக்கார்டிங் கன்சோலில் (ஒலி அளவுகளைக் கட்டுப்படுத்தும் மேசை) அதைக் கொண்டுவந்து பரவச் செய்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அன்றைய கன்சோல்களில் பழைய ரேடியோவில் இருப்பதுபோல உருண்டைத் திருகுகள்தான். ஒரு கைக்கு ஒன்று, இரண்டு கைக்கு இரண்டு. எட்டு டிராக்கை வைத்துக்கொண்டு இரண்டு கையால் என்ன செய்வது? மேலும் கீழும் நகர்த்தும் ஒல்லியான ஃபேடர்களைப் பக்கம் பக்கமாகப் பொருத்தினார். பத்து விரலையும் பரப்பி, பியானோ வாசிப்பதுபோல எல்லா டிராக்கையும் ஒரே நேரத்தில் ஏற்றி இறக்கலாம். பியானோ வாசித்த கைக்குத்தான் இப்படித் தோன்றும்.

ரே சார்ல்ஸ் பாட்டை இரண்டாக வெட்டியவர் இவரா?

ஆமாம். 1959இல் பதிவான ‘வாட்டைட் ஐ சே’. கச்சேரியில் நேரத்தை ஓட்ட ரே சார்ல்ஸ் அங்கேயே கட்டிய பாட்டு, நீளம் 6 நிமிடத்துக்கும் மேல். வானொலியில் அப்போது 3 நிமிடத்தைத் தாண்டினால் ஒலிபரப்புவது கஷ்டம். சுருக்கினால் உயிர் போய்விடும். டௌடு அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றை முன்பக்கமும் மற்றொன்றைப் பின்பக்கமும் போடலாம் என்றார். தட்டைத் திருப்பிப் போட்டால் பாட்டு தொடரும். யோசனை எளிமையானதுதான். ஆனால் கத்தரியை எங்கே வைப்பது என்று தெரிய இசை தெரிந்திருக்க வேண்டும்.

ஜாஸிலும் வேலை செய்தாரா?

நிறைய. கோல்ட்ரேனின் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பதிவில் இன்ஜினியர், ஆர்னெட் கோல்மனையும் பதிவு செய்திருக்கிறார். ஜாஸில் அவர் பெரும்பாலும் ஒதுங்கியே இருப்பார். வாசிக்கிறவர்கள் வாசிப்பார்கள், இவர் ஒழுங்காகப் பிடித்து வைப்பார்.

மெம்ஃபிஸுக்கு மெக்கானிக்காகப் போனார் என்ற கதை?

டென்னசி மாநிலம் மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் என்ற கம்பெனி ஒரு பழைய சினிமா தியேட்டரை ஸ்டுடியோவாக மாற்றி வைத்திருந்தது. தியேட்டர் தரை சரிவாகவே இருந்தது, அதைச் சமன் செய்யக்கூட இல்லை. அவர்கள் தட்டுகளை நாடு முழுக்க விற்றுக்கொடுத்தது அட்லாண்டிக். 1963இல் அங்கே டேப் கருவி படுத்துவிட்டது. அட்லாண்டிக்கின் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் டௌடை விமானத்தில் ஏற்றி அனுப்பினார். போனார், கருவியைத் திறந்தார், பழுது பார்த்தார். சரியாகிவிட்டதா என்று சோதிக்க யாராவது ஏதாவது வாசித்தால் தேவலை என்றிருந்த நேரத்தில் பாடகர் ரூஃபஸ் தாமஸ் வந்து சேர்ந்தார். ‘வாக்கிங் த டாக்’ பதிவானது, பெரிய ஹிட்டும் ஆனது.

அந்த ஊரில் அவர் பார்த்தது வேறொரு முறை. நியூயார்க்கில் இசையமைப்பைத் தாளில் எழுதி வாசிப்பாளர்கள் முன்னால் வைப்பார்கள். இங்கே தாளே கிடையாது. கூடி உட்கார்ந்து வாசித்துக்கொண்டே பாட்டைக் கட்டினார்கள். டௌடுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், திரும்பத் திரும்பப் போனார். 1965 ஜூலையில் ஓட்டிஸ் ரெட்டிங்கின் ‘ஓட்டிஸ் புளூ’ ஏறக்குறைய ஒரு பகல், ஓர் இரவில் முடிந்ததும் இவர் இன்ஜினியராக இருந்தபோதுதான். நடுவில் வாசிப்பாளர்கள் தங்கள் வழக்கமான ராத்திரிக் கச்சேரிக்குப் போய்விட்டு, நள்ளிரவுக்குப் பிறகு திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தார்கள். தூங்காதவர்கள் வாசித்தது என்று கேட்டால் நம்ப முடியாது.

அரீத்தா ஃபிராங்க்ளினின் ‘ரெஸ்பெக்ட்’?

1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் பதிவானது. தயாரிப்பு வெக்ஸ்லர், இன்ஜினியர் டௌடு. மூலப்பாட்டு ஓட்டிஸ் ரெட்டிங்குடையது, மேலே சொன்ன தொகுப்பில் இருக்கிறது. இரண்டையும் பதிவு செய்த இன்ஜினியர் ஒருவரே என்பதால், அடுத்தடுத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே பாட்டில் வீட்டுக்காரர் ஒன்றைக் கேட்கிறார், வீட்டுக்காரி வேறொன்றைக் கேட்கிறார்.

கிரீம் குழுவின் டிரம்ஸ் தாளத்தைச் சொல்லிக்கொடுத்தவர் இவர் என்பது நிஜமா?

இதில் சர்ச்சை இருக்கிறது. 1967 மே மாதம் லண்டனிலிருந்து கிளாப்டன் இருந்த ராக் குழுவான கிரீம் நியூயார்க்குக்கு வந்தது. விசா முடியப்போகிறது, கையில் சில நாள்தான். மூன்றே பேர், ஆனால் ஆள் உயர ஆம்ப்ளிஃபையர்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு டௌடே அசந்துபோனார். ‘சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்’ எவ்வளவு வாசித்தும் சரியாக உட்காரவில்லை. பழைய கௌபாய் படங்களில் செவ்விந்தியர்கள் வரும்போது ஒரு முரசடி வருமே, அந்த மாதிரி வாசித்துப் பாருங்கள் என்று தான் சொன்னதாக டௌடு சொல்லியிருக்கிறார். டிரம்மர் ஜிஞ்சர் பேக்கரோ அது தன் யோசனை என்றே கடைசிவரை சொன்னார். தாளம் என்னவோ அருமை. யாருடையது என்று இனி தீர்ப்பு சொல்ல முடியாது. இருவருமே காலமாகிவிட்டார்கள்.

கிளாப்டனையும் டுவேன் ஆல்மனையும் சேர்த்து வைத்தது எப்படி?

1970 ஆகஸ்ட். மயாமியில் கிரைட்டீரியா ஸ்டுடியோவில் கிளாப்டனின் புதுக் குழுவான டெரிக் அண்டு த டொமினோஸ் பதிவு செய்துகொண்டிருந்தது. டௌடு இப்போது தயாரிப்பாளர். கிட்டார் வாசிப்பாளர் டுவேன் ஆல்மனின் ஆல்மன் பிரதர்ஸ் குழுவுக்கும் இதே டௌடுதான் தயாரிப்பாளர். கிளாப்டன் அங்கே இருப்பது தெரிந்ததும், வந்து பார்க்கலாமா என்று டுவேன் கேட்டார். கிளாப்டனோ, அதெல்லாம் வேண்டாம், முதலில் அவர் வாசிப்பதை நான் கேட்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். ஆகஸ்ட் 26 அன்று மயாமியில் ஆல்மன் பிரதர்ஸ் கச்சேரி. கிளாப்டனும் குழுவும் மேடைக்கு முன்னால் தரையில் போய் உட்கார்ந்தார்கள். டுவேன் கண்ணை மூடிச் சோலோ வாசித்துக்கொண்டிருந்தவர், கண்ணைத் திறந்தால் எதிரே கிளாப்டன். கை நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த, குழுவின் இன்னொரு கிட்டார் வாசிப்பாளர் டிக்கி பெட்ஸ் நிலைமையைப் புரிந்துகொண்டு சோலோவைத் தான் எடுத்துக்கொண்டார்.

அன்றிரவே எல்லாரும் ஸ்டுடியோவுக்கு வந்து மறுநாள்வரை வாசித்தார்கள். டௌடு டேப்பை நிறுத்தவே இல்லை. தயாரிப்பாளராக அவர் அங்கே செய்த மிகப் பெரிய வேலை எது என்று கேட்டால், அதைத்தான் சொல்வேன்: இரண்டு பேரை ஒரே அறைக்குள் விட்டார், டேப்பை ஓட விட்டார். டுவேன் பெரும்பாலான பாட்டுகளில் வாசித்தார். ‘லைலா’ பாட்டும் அது இடம்பெற்ற தொகுப்பும் அப்படி வந்தன. அதில் இன்னொரு விஷயம்: ராட்சச ஆம்ப்கள் இல்லை, கையில் தூக்கிப் போகிற அளவுச் சின்ன ஆம்ப்களை வைத்து வாசித்தார்கள். சின்ன ஆம்பை முழுக்கத் திருகினால் சத்தம் உடைந்து கரகரவென்று வரும், ஆனால் அறையை நிரப்பாது. மற்றவர்களின் மைக்கில் கசியாது. பாட்டின் பின்பாதியில் வரும் பியானோ பகுதி சில வாரம் கழித்துப் பதிவாகி ஒட்டப்பட்டது. தொகுப்பு வெளிவந்தபோது பெரிதாகப் போணியாகவில்லை என்பதுதான் வேடிக்கை.

நேரடிக் கச்சேரிப் பதிவுகளும் செய்தாரா?

1971 மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் ஆல்மன் பிரதர்ஸ் வாசித்தது முக்கியமானது. சொல்லாமல் கொள்ளாமல் டுவேன் ஊதுகருவிக்காரர்களை மேடையேற்றிவிட்டார். சுருதி சேரவில்லை. வெளியே வண்டியில் பதிவு செய்துகொண்டிருந்த டௌடுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இடைவேளையில் போய், அவர்கள் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். கச்சேரி முடிந்த பிறகு எல்லாரும் அட்லாண்டிக் ஸ்டுடியோவுக்குப் போய் அன்றைய டேப்பைக் கேட்பார்கள். எது நன்றாக வந்தது, நாளைக்கு எதை மறுபடி வாசிப்பது என்று அங்கேயே முடிவாகும். அந்த ஆண்டு அக்டோபரிலேயே டுவேன் ஒரு விபத்தில் இறந்துபோனார், வயது 24.

பிற்காலத்தில்?

ராட் ஸ்டுவர்ட்டின் 1975 தொகுப்பு ‘அட்லாண்டிக் கிராசிங்’, லினர்ட் ஸ்கினர்ட் குழு என்று 70களிலும் வேலை ஓயவில்லை. இந்தக் காலத்துப் பதிவுகள் மீது எனக்கு அவ்வளவு ஈர்ப்பு இல்லை. சுத்தமாக இருக்கின்றன, அவ்வளவே.

விருதுகள்?

2002இல் கிராமியின் டிரஸ்டீஸ் விருது. மறைவுக்குப் பிறகு, 2012இல் ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம்.

அவருடைய பதிவைக் காதால் கேட்டே கண்டுபிடிக்க முடியுமா?

என்னால் முடியவில்லை. சில தயாரிப்பாளர்களின் முத்திரை முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். டௌடிடம் அப்படி ஒன்று இல்லை. கோல்ட்ரேன் கோல்ட்ரேனாக இருக்கிறார், கிளாப்டன் கிளாப்டனாக. கவனித்துக் கேட்டால் ஒன்று மட்டும் பொதுவாகப் படும்: யாரும் யார்மேலும் ஏறி நிற்பதில்லை. எந்தக் கருவியைத் தேடினாலும் அது இருக்கும் இடத்தில் இருக்கும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

மார்க் மூர்மன் எடுத்த ஆவணப்படம் ஒன்று 2003இல் வந்தது, டௌடைப் பற்றியது. அதில் வயதான டௌடு ‘லைலா’ டேப்பை கன்சோலில் போட்டு, ஒவ்வொரு ஃபேடராக இறக்கி ஏற்றிக் காட்டுவார். எல்லாம் இறங்கிய பின் ஒரு கிட்டார் மட்டும் தனியே நிற்கும், அப்புறம் இன்னொன்று வந்து சேரும். 30 ஆண்டு கழித்தும் எது எந்த டிராக்கில் என்று விரல் தேடவே இல்லை. முதலில் அந்தக் காட்சியைப் பாருங்கள். பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாட்டைக் கேளுங்கள்.